சாம்பியன் பெயருக்குப் பக்கத்தில் விதியையும் எழுதுங்கள்: நாஸ்கார் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: நாஸ்கார் நிர்வாகத்தினர், டேடோனா பீச், புளோரிடா

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். அமெரிக்காவில் ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் உங்கள் அமைப்பின் முதன்மைத் தொடரான கோப்பைத் தொடரின் வரலாற்றை 1949 முதல் பருவம் பருவமாகத் தமிழில் தொகுத்து எழுதி வருபவன் நான். எங்கள் பக்கத்து வாசகர்களில் கார்ப் பந்தயத்தைப் பின்தொடர்பவர்கள் பெரும்பாலும் ஃபார்முலா ஒன் பார்த்துப் பழகியவர்கள். கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2010-இல் உங்கள் டிரக் தொடரில் மார்ட்டின்ஸ்வில் தடத்தில் அறிமுகமாகி 13-ஆவது இடத்தில் முடித்ததும், அந்த ஆண்டின் மிகவும் விரும்பப்பட்ட ஓட்டுநர் விருதைப் பெற்றதும் எங்களில் பலரை முதன்முறையாக ஸ்டாக் கார் (கடையில் விற்கும் காரின் வடிவில் அமைந்த பந்தயக் கார்) பந்தயத்தின் பக்கம் திரும்ப வைத்தன. அப்படித் திரும்பியவர்கள் உங்கள் சாம்பியன் பட்டியலைப் படித்துவிட்டு என்னிடம் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: இவர் எந்தக் கணக்கில் சாம்பியன் ஆனார்? பருவத்துக்குப் பருவம் விடை மாறுகிறது. உங்கள் பட்டியலோ ஆண்டையும் பெயரையும் கார் நிறுவனத்தையும் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது.

ஆகவே என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாருடைய பட்டத்தையும் பறிக்கவோ யாருக்கும் புதிதாக வழங்கவோ நான் கேட்கவில்லை. ஒவ்வொரு பருவத்துக்கும் உரிய அதிகாரபூர்வப் பதிவில் அந்தப் பருவத்தின் புள்ளி விதியையும், கழிக்கப்பட்ட புள்ளிகளையும், இடையில் எதையும் அழிக்காமல் கூட்டிய முழுப் பருவப் புள்ளிகளையும் சாம்பியனின் பெயரோடு சேர்த்து வெளியிடுங்கள் என்றுதான் கேட்கிறேன். 2014 முதல் 2025 வரை 12 பருவங்கள் நீடித்த, ஓட்டுநர்களைக் கட்டம் கட்டமாகக் கழிக்கும் வெளியேற்றச் சுற்று முறையைக் கைவிட்டு, முன்னணி ஓட்டுநர்களின் புள்ளிகளை அழித்து நெருக்கமாக அமைத்துக் கடைசி 10 பந்தயங்களில் பட்டத்தைத் தீர்மானிக்கும் ‘சேஸ்’ முறைக்கு 2026 பருவம் முதல் நீங்கள் திரும்பியிருப்பதால், இதைக் கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான நேரம் வாய்க்காது.

விதியைச் சொல்லாமல் முடிவை மட்டும் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் முதல் பந்தயமே சான்று. 1949 ஜூன் 19 அன்று சார்லட்டில் முக்கால் மைல் மண் தடத்தில் நடந்த அந்தப் பந்தயத்தில் முதலில் முடித்தவர் கிளென் டனவே. ஆனால் ஏட்டில் வென்றவராக இருப்பவர் கன்சாஸிலிருந்து லிங்கன் காரோடு வந்த ஜிம் ரோப்பர். டனவேயின் ஃபோர்டில் பின்பக்க வில்கள் கள்ளச்சாராயம் ஏற்றிச் செல்வதற்குத் தோதாக மாற்றப்பட்டிருந்தன. கடையில் விற்கும் நிலையிலேயே கார் ஓட வேண்டும் என்பது தொடரின் பெயரிலேயே இருந்த நிபந்தனை. காரின் உரிமையாளர் வழக்குத் தொடுத்துத் தோற்றார். விதியை வகுக்கும் அதிகாரம் உங்களுக்கு உண்டு என்பது அன்றே நிலைநாட்டப்பட்டுவிட்டது. அந்த அதிகாரத்தை நான் கேள்விக்கு உட்படுத்தவில்லை. அதைப் பயன்படுத்திய விவரம் ஏட்டில் இருக்க வேண்டும் என்பதே என் வாதம். எட்டுப் பந்தயங்களே கொண்ட அந்த முதல் பருவத்தின் சாம்பியன் ரெட் பைரன், இரண்டாம் உலகப் போரில் சிதைந்த இடது காலோடு, கிளட்ச் மிதியில் பொருத்திய தனி அமைப்பின் துணையால் கார் ஓட்டியவர். உங்கள் வரலாற்றுக்கு இதைவிட நல்ல தொடக்கத்தை ஒரு கதாசிரியரால்கூடக் கற்பனை செய்திருக்க முடியாது.

அடுத்த பருவமே சிக்கல். 1950-இன் சாம்பியன் பில் ரெக்ஸ்ஃபோர்டு, வயது 23. உங்கள் சாம்பியன்களில் இன்றுவரை மிக இளையவர் அவரே. தம் வாழ்நாளில் இந்தத் தொடரில் அவர் வென்றது ஒரே ஒரு பந்தயம். இவ்வளவும் உங்கள் ஏட்டில் கிடைக்கிறது. அதே பருவத்தில் நாஸ்காரின் அனுமதி பெறாத பந்தயத்தில் கலந்துகொண்டதற்காக லீ பெட்டியின் கணக்கிலிருந்து 809 புள்ளிகள் நீக்கப்பட்டதும், பைரனும் அதே காரணத்தால் புள்ளிகளை இழந்ததும் எங்கே கிடைக்கின்றன? பழைய செய்தித்தாள்களிலும் ஆர்வலர்களின் தொகுப்புகளிலும்தான். பெட்டி 1,590 புள்ளிகளோடு மூன்றாவதாக முடித்தார். ரெக்ஸ்ஃபோர்டு பெற்றது 1,959. கூட்டிப் பார்க்கச் சிறுவனாலும் முடியும். தண்டனை நியாயமானதா என்பது வேறு விவாதம். போட்டியாக இருந்த அமைப்புகளிடமிருந்து தம் தொடரைக் காத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் நாஸ்காரின் நிறுவனர் பில் ஃபிரான்ஸ் சீனியருக்கு அப்போது இருந்தது. ஓட்டுநர்கள் எங்கே வேண்டுமானாலும் ஓடலாம் என்று விட்டிருந்தால் இந்தத் தொடர் ஐந்து ஆண்டுகள்கூடத் தாக்குப் பிடித்திருக்குமா என்பது ஐயமே. ஆனால் அந்த 809-ஐச் சொல்லாமல் 1950-ஐ யாருக்கும் விளக்க முடியாது.

ஐம்பதுகளின் பிற பருவங்களை விரைந்து கடந்துவிடலாம். ஹட்சன் ஹார்னெட் கார்களின் காலம், ஹெர்ப் தாமஸின் இரண்டு பட்டங்கள், 1955-இல் அணி உரிமையாளர் கார்ல் கீக்ஹேஃபரின் கிரைஸ்லரில் டிம் ஃபிளாக் பெற்ற 18 வெற்றிகள், லீ பெட்டியின் மூன்று பட்டங்கள் ஆகியவற்றில் சாம்பியன் யார் என்பதில் சர்ச்சைக்கு இடமில்லை. ஆனால் புள்ளிகள் பரிசுத் தொகையையும் பந்தயத்தின் அளவையும் ஒட்டி வழங்கப்பட்டதால் டார்லிங்டனில் நடந்த 500 மைல் பந்தயத்தின் ஒரு வெற்றி சிறு மண் தடங்களின் பல வெற்றிகளுக்கு நிகராக நின்றது. இன்றைய வாசகர் அந்தப் புள்ளிப் பட்டியலைப் பார்த்தால் ஏதோ அச்சுப்பிழை என்றே நினைப்பார்.

அறுபதுகளுக்கு வரும்போது ‘பருவம்’ எப்போது தொடங்குகிறது என்பதே தெளிவாக இருப்பதில்லை. வெண்டெல் ஸ்காட் 1963 டிசம்பர் 1 அன்று ஜாக்சன்வில்லில் வென்றார். அந்த வெற்றி உங்கள் ஏட்டில் 1964-ஆம் பருவத்தில் இருக்கிறது, ஏனெனில் 62 பந்தயங்கள் கொண்ட அந்தப் பருவம் முந்தைய நவம்பரிலேயே தொடங்கிவிட்டது. இந்த விவரம் தெரியாமல் 1963-இன் பட்டியலில் அவரைத் தேடி ஏமாந்தவர்கள் எத்தனையோ பேர். அன்று நடந்தது இதைவிடக் கசப்பானது. இரண்டு சுற்று முன்னிலையில் ஸ்காட் முடித்திருந்தும் கொடி பக் பேக்கருக்கே காட்டப்பட்டது. கோப்பையும் அவருக்கே போனது. கூட்டம் கலைந்த பிறகு கணக்கில் பிழை என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. தோல் நிறமே காரணம் என்று ஸ்காட் குடும்பத்தார் கருதினர். மறுப்பதற்கு என்னிடமும் காரணம் எதுவும் இல்லை. 1990-இல் ஸ்காட் இறந்தார். அவருடைய குடும்பத்தாரிடம் அந்த வெற்றிக்கான கோப்பையை நீங்கள் முறையாக ஒப்படைத்தது 2021 ஆகஸ்டில், டேடோனாவில். அதற்குச் சில வாரங்கள் கழித்து டாலடேகாவில் பப்பா வாலஸ் வென்றபோதுதான் கோப்பைத் தொடரில் பந்தயம் வென்ற இரண்டாவது கறுப்பின ஓட்டுநர் கிடைத்தார்.

கோப்பையைக் கொடுக்க 58 ஆண்டுகள் ஆனதைக் குத்திக் காட்டுவதற்காக இதை நினைவூட்டவில்லை. ஏட்டைத் திருத்த முடியும் என்பதை நீங்களே செயலில் காட்டியிருக்கிறீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். இன்னொரு சான்று இதைவிடப் புதியது. 1971 ஆகஸ்ட் 6 அன்று வின்ஸ்டன்-சேலத்தின் போமன் கிரே தடத்தில் பாபி அல்லிசன் முதலில் முடித்தார். ஆனால் அவர் ஓட்டியது சிறிய கார்களுக்கான கிராண்ட் அமெரிக்கன் வகையைச் சேர்ந்த மஸ்டாங்; தடத்தை நிரப்பப் போதுமான கார்கள் இல்லாததால் அந்த வகைக் கார்களும் அப்பந்தயத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டிருந்தன. அவருக்கும் வெற்றி வழங்கப்படவில்லை, இரண்டாவதாக வந்த ரிச்சர்ட் பெட்டிக்கும் வழங்கப்படவில்லை. வென்றவரே இல்லாத பந்தயமாக அது ஏட்டில் நின்றது. வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டில் அதே வகைக் காரில் ஹிக்கரியிலும் நார்த் வில்க்ஸ்பரோவிலும் டைனி லண்டு பெற்ற வெற்றிகள் கோப்பைத் தொடர் வெற்றிகளாகவே எண்ணப்பட்டன. 2024 அக்டோபரில் நீங்கள் அல்லிசனுக்கு அந்த வெற்றியை வழங்கினீர்கள். அவருடைய எண்ணிக்கை 85 ஆனது; டாரல் வால்ட்ரிப்பின் 84-ஐத் தாண்டி அனைத்துக் கால வரிசையில் நான்காம் இடத்தைத் தனியாகப் பெற்றார். அடுத்த மாதமே அவர் காலமானார். நேரத்தில் செய்தீர்கள்; அதற்கு நன்றி.

அறுபதுகளில் விதி சாம்பியனைத் தீர்மானித்ததற்கு இன்னும் இரண்டு எடுத்துக்காட்டுகள் உண்டு. 1963-இல் ஜோ வெதர்லி மூன்று பந்தயங்களே வென்றார். ரிச்சர்ட் பெட்டி 14 வென்றார். நிலையான அணி கிடைக்காமல் ஒன்பது அணிகளின் கார்களை மாற்றி மாற்றி ஓட்டி, எப்படியும் பந்தயத்துக்கு வந்து புள்ளி சேர்த்த வெதர்லிக்கே பட்டம் போனது. அதைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். அதைவிட உழைத்துப் பெற்ற பட்டம் உங்கள் பட்டியலில் அதிகம் இல்லை. அடுத்த ஜனவரியிலேயே ரிவர்சைடில் நடந்த விபத்தில், நடப்புச் சாம்பியனாகவே அவர் உயிரிழந்தார். இரண்டாவது 1965. தன் ஹெமி எஞ்சினுக்கு நீங்கள் விதித்த தடையால் கிரைஸ்லர் விலகிக்கொண்டது, பெட்டி நேர்கோட்டுப் பந்தயங்களுக்குப் போய்விட்டார், நெட் ஜாரெட் ஃபோர்டில் 13 பந்தயங்கள் வென்று சாம்பியன் ஆனார். ஜாரெட்டின் திறமையை இது குறைக்கவில்லை. 1961-இலும் பட்டம் பெற்றவர் அவர். ஆனால் யார் ஓடவில்லை, ஏன் ஓடவில்லை என்பதும் அந்தப் பருவத்தின் வரலாறுதானே? பெட்டி திரும்பி வந்து 1967-இல் 27 வெற்றிகள் பெற்றதையும், அவற்றில் 10 தொடர்ச்சியாக வந்ததையும் எழுதும்போது எனக்கு எந்த அடிக்குறிப்பும் தேவைப்படவில்லை.

1972-இல் தொடரின் புரவலரான வின்ஸ்டன் சிகரெட்டின் பணத்தோடு நவீன காலம் தொடங்கியது. முந்தைய ஆண்டு 48 ஆக இருந்த பந்தயங்கள் 31 ஆகக் குறைந்தன. அதன் பின் மூன்று ஆண்டுகளில் புள்ளி முறை பட்ட பாட்டை இன்று சொன்னால் நம்பமாட்டார்கள். 1973-இல் டேவிட் பியர்சன் 18 பந்தயங்களில் ஓடி 11 வென்றார். பட்டமோ ஒரே வெற்றி பெற்ற பென்னி பார்சன்ஸுக்கு. ராக்கிங்காமில் நடந்த இறுதிப் பந்தயத்தின் தொடக்கத்திலேயே பார்சன்ஸின் கார் ஒரு பக்கமே பிய்ந்து போகும்படி மோதியது. வேறு அணிகளின் ஆட்களும் கைகொடுத்து அதை ஓடும் நிலைக்குக் கொண்டுவர, அவர் மீண்டும் தடத்தில் இறங்கி 28-ஆவதாக முடித்துப் பட்டத்தைப் பெற்றார். முடித்த சுற்றுகளுக்கும் புள்ளி உண்டு என்ற விதி தெரிந்தால்தான் உடைந்த காரை ஏன் அப்படி அவசரமாகக் கட்டினார்கள் என்பது புரியும். 1974-இன் முறை அதைவிட விசித்திரமானது: ஓட்டுநர் பெற்ற பரிசுப் பணத்தை அவர் கலந்துகொண்ட பந்தயங்களின் எண்ணிக்கையால் பெருக்கி ஆயிரத்தால் வகுப்பது! டேடோனாவில் ஒருநாள் அடித்த அதிர்ஷ்டம் ஆண்டு இறுதி வரை பெருகிக்கொண்டே போகும். ரிச்சர்ட் பெட்டிக்குப் பட்டம் வந்த அந்த ஆண்டில் அவரும் கேல் யார்பரோவும் ஆளுக்குப் பத்து வெற்றிகள் பெற்றிருந்தனர்.

இந்தக் குழப்பத்துக்கு 1975-இல் முடிவு கட்டியது பாப் லாட்ஃபோர்டு வகுத்த அட்டவணை. எந்தப் பந்தயமானாலும் வென்றவருக்கு 175, அடுத்தவருக்கு 170, பிறகு படிப்படியாக இறங்கும். ஒரு சுற்றாவது முன்னணியில் ஓடினால் 5, அதிகச் சுற்றுகள் முன்னணியில் ஓடியவருக்கு மேலும் 5. டேடோனாவுக்கும் அதே மதிப்பு, மார்ட்டின்ஸ்வில்லுக்கும் அதே மதிப்பு. இந்த அட்டவணை 2003 வரை 29 பருவங்களுக்குச் சாம்பியனைத் தீர்மானித்தது. யார்பரோவின் தொடர்ச்சியான மூன்று பட்டங்கள், பெட்டியின் ஏழாவது பட்டம், டேல் எர்ன்ஹார்ட்டின் ஏழு பட்டங்கள், ஜெஃப் கார்டனின் நான்கு பட்டங்கள் எல்லாம் இந்த ஒரே அளவுகோலில் அளக்கப்பட்டவை. ஆகவேதான் அந்தக் காலத்துப் பருவங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எழுத முடிகிறது.

குறையற்ற அளவுகோல் என்று சொல்லவில்லை. 1985-இல் பில் எலியட் 11 பந்தயங்கள் வென்றும், மூன்றே வென்ற வால்ட்ரிப்பிடம் பட்டத்தை இழந்தார். ஆனால் அதே அட்டவணைதான் 1992 நவம்பர் 15 அன்று அட்லாண்டாவில் நீங்கள் அதுவரை கண்டிராத இறுதி நாளைக் கொடுத்தது. ஆறு பேருக்குப் பட்ட வாய்ப்பு இருந்தது. புள்ளிகளில் முன்னணியில் இருந்த டேவி அல்லிசன், எர்னி இர்வானின் கார் குறுக்கே வந்ததால் மோதி வாய்ப்பை இழந்தார். மிஞ்சியவர்கள் எலியட்டும், தம் சொந்த அணிக்கு ஓட்டிய ஆலன் குல்விக்கியும். எலியட் பந்தயத்தை வென்றார்; குல்விக்கி இரண்டாவதாக வந்து 10 புள்ளியில் பட்டத்தை வென்றார். குல்விக்கி முன்னணியில் ஓடிய சுற்றுகள் 103, எலியட் 102. அந்த ஒரு சுற்று இடம் மாறியிருந்தால் இருவரும் சமப் புள்ளியில் நின்றிருப்பார்கள், அதிக வெற்றிகளுக்காகப் பட்டம் எலியட்டுக்குப் போயிருக்கும். குல்விக்கியின் அணி சுற்றுகளை எண்ணிக்கொண்டு, அதற்கேற்ப எரிபொருள் நிரப்ப உள்ளே வருவதைத் தள்ளிப்போட்டது. ரிச்சர்ட் பெட்டியின் கடைசிப் பந்தயமும் ஜெஃப் கார்டனின் முதல் பந்தயமும் அதுவே என்பது கூடுதல் செய்தி. இறுதிப் போட்டி என்ற ஒன்றைச் செயற்கையாக உண்டாக்காமலேயே, ஒரு முழுப் பருவத்தின் கணக்கு தானாகவே இத்தகைய நாளைத் தரும் என்பதற்கு இந்தப் பருவத்தை நான் அடிக்கடி எடுத்துக்காட்டுகிறேன். ஆண்டுதோறும் தராது என்பதும் உண்மைதான். ஐந்து மாதங்களுக்குள் விமான விபத்தில் இறந்த குல்விக்கிக்கு அது ஒரே பட்டமாக நின்றது.

2003-இல் மேட் கென்செத் ஒரே ஒரு பந்தயம் வென்று, 33 வாரங்கள் தொடர்ந்து முன்னணியில் இருந்து பட்டம் பெற்றார். எட்டு வென்ற ரயன் நியூமன் ஆறாவதாக முடித்தார். அடுத்த ஆண்டே புதிய புரவலரான நெக்ஸ்டெல் தொலைபேசி நிறுவனத்தின் பெயர்ப் பலகையோடு ‘சேஸ்’ வந்தது. முதல் 26 பந்தயங்களுக்குப் பிறகு முன்னணியில் இருக்கும் ஓட்டுநர்களின் புள்ளிகளை நெருக்கமாக அமைத்து, எஞ்சிய 10 பந்தயங்களில் பட்டத்தைத் தீர்மானிக்கும் முறை. தொலைக்காட்சியில் அமெரிக்கக் கால்பந்தோடு மோத வேண்டிய இலையுதிர் காலத்தில் உங்களுக்கு அது தேவைப்பட்டது என்பது புரிகிறது. 2004-இல் ஹோம்ஸ்டெட்டில் கர்ட் புஷ்ஷின் சக்கரம் கழன்று ஓட, அவர் பிட் சுவரில் மோதாமல் நூலிழையில் தப்பி உள்ளே நுழைந்து, பிறகு ஐந்தாவதாக முடித்து 8 புள்ளியில் வென்றதைப் பார்த்தவர்கள் முறையைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

ஆனால் இங்கிருந்துதான் உங்கள் பட்டியல் இரண்டு வேறு அளவுகோல்களால் அளந்தவற்றை ஒரே நிரலில், எந்தக் குறியும் இல்லாமல் அடுக்கத் தொடங்குகிறது. 2007-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கார்டன் அந்தப் பருவத்தில் 30 பந்தயங்களில் முதல் பத்துக்குள் முடித்தார். 26 பந்தயங்களில் அவர் சேர்த்திருந்த பெரும் முன்னிலை அழிக்கப்பட்டு, வெற்றிகளுக்கான ஊக்கப் புள்ளிகளால் ஜிம்மி ஜான்சன் 5,060 என்றும் கார்டன் 5,040 என்றும் தொடங்கினார்கள். ஜான்சன் தொடர்ச்சியாக நான்கு பந்தயங்கள் வென்று, பருவ மொத்தத்தில் 10 வெற்றிகளோடு 77 புள்ளி முன்னிலையில் பட்டம் பெற்றார். அது தகுதியற்ற பட்டம் என்று சொல்ல எனக்குத் துணிவும் இல்லை, விருப்பமும் இல்லை. ஆயினும் பழைய அட்டவணைப்படி முழுப் பருவத்தையும் கூட்டினால் 2004-இலும் 2007-இலும் முதலில் நிற்பவர் கார்டன்; 2010-இல் கெவின் ஹார்விக். இந்த மூன்று வரிகளை உங்கள் ஏட்டில் அச்சிடுவதால் ஜான்சனின் ஏழு பட்டங்களில் ஒன்றுகூடக் குறையப் போவதில்லை.

2013-ஐப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரிச்மண்டில் 26-ஆவது பந்தயத்தின் இறுதியில், தம் அணித் தோழர் மார்ட்டின் டூரெக்ஸ் ‘சேஸ்’ பட்டியலில் இடம்பெற வழிசெய்ய கிளின்ட் பாயர் காரைச் சுழலவிட்டார் என்ற ஐயத்தில் நீங்கள் விசாரணை நடத்தினீர்கள். முடிவில் அணியின் புள்ளிகளைக் கழித்து, டூரெக்ஸை நீக்கி, நியூமனைச் சேர்த்தீர்கள். அதோடு நிற்காமல், 12 பேர் என்றிருந்த விதியைத் தாண்டிக் கார்டனை 13-ஆவது ஆளாகவும் சேர்த்தீர்கள். அன்று அதுவே சரி என்று வாதிட்டவர்களில் நானும் ஒருவன். இன்று அந்தப் பருவத்தின் இறுதிப் பட்டியலை மட்டும் பார்ப்பவர், 13 பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று திகைப்பார்.

2014 முதல் 16, 12, 8, 4 என்று ஆட்களைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசிப் பந்தயத்தில் நால்வரில் முன்னால் முடிப்பவருக்குப் பட்டம் என்று வைத்தீர்கள். முதல் ஆண்டிலேயே ஒரு பந்தயமும் வெல்லாத நியூமன் இறுதி நால்வரில் இடம்பெற்று, பட்டத்துக்கு ஓர் இடம் குறைவாக முடித்தார். 2015-இல் காலில் அடிபட்டு முதல் 11 பந்தயங்களில் இல்லாத கைல் புஷ் சாம்பியன். 2020-இல் ஒன்பது வெற்றிகள் பெற்ற ஹார்விக் இறுதி நால்வரிலேயே இல்லை. 2022-இல் மார்ட்டின்ஸ்வில்லின் கடைசிச் சுற்றில் ராஸ் சாஸ்டெயின் சுவரில் காரை உரசவிட்டபடி முழு வேகத்தில் ஐந்து கார்களைத் தாண்டி இறுதிக்குள் நுழைந்தார். நாங்கள் வாய்பிளந்து பார்த்தோம், நீங்கள் அடுத்த பருவத்துக்குள் அதற்குத் தடை விதித்தீர்கள். 2017-இல் டூரெக்ஸ், 2021-இல் கைல் லார்சன் என்று பருவம் முழுவதும் ஆதிக்கம் செலுத்தியவரே பட்டமும் பெற்ற ஆண்டுகள் இடையில் வந்து முறையைக் காப்பாற்றின.

கடைசி இரண்டு பருவங்கள் காப்பாற்றவில்லை. 2024-இல் ஜோய் லொகானோ எட்டுப் பேர் சுற்றுக்கே தகுதி பெறாமல் வெளியேறியிருந்தார், சார்லட் ரோவல் பந்தயத்துக்குப் பின் அலெக்ஸ் போமனின் கார் எடை குறைவு என்று தகுதிநீக்கம் செய்யப்பட்டதால் உள்ளே வந்தார், லாஸ் வேகஸில் வென்றார், ஃபீனிக்ஸில் வென்றார், சாம்பியன் ஆனார். பருவம் முழுவதற்கும் அவர் முடித்த சராசரி இடம் 17.1, உங்கள் சாம்பியன்கள் எவருக்கும் இல்லாத அளவு தாழ்ந்தது. 2025 இறுதியில் டென்னி ஹாம்லின் 208 சுற்றுகள் முன்னணியில் ஓடினார். மூன்று சுற்றுகள் மிஞ்சியிருந்தபோது வில்லியம் பைரனின் கார் சுவரில் மோதி, வேகத்தைக் குறைக்கச் சொல்லும் மஞ்சள் கொடி விழுந்தது. ஹாம்லின் அணி நான்கு டயர் மாற்றியது, லார்சன் அணி இரண்டு மாற்றியது. ஓவர்டைமில் (கூடுதலாக ஓடிய சுற்றுகளில்) ரயன் பிளேனி பந்தயத்தை வெல்ல, மூன்றாவதாக முடித்த லார்சனுக்குப் பட்டம். அன்று அவர் ஒரு சுற்றுகூட முன்னணியில் ஓடவில்லை. அந்தப் பருவத்தில் உங்கள் இரண்டாம் நிலைத் தொடரில் பத்து வெற்றிகள் பெற்ற கானர் சிலிஷும் அதே வார இறுதியில் பட்டம் இல்லாமல் திரும்பினார். சில வாரங்களிலேயே நீங்கள் முறையை மாற்றினீர்கள்: வெளியேற்றச் சுற்று இல்லை, ஒரு வெற்றி பெற்றால் நேரே நுழைவு என்பது இல்லை, பந்தய வெற்றிக்கு 55 புள்ளி, 16 பேருக்கு 10 பந்தயங்கள். முழுப் பருவக் கணக்குக்கே திரும்பியிருக்கலாம் என்பது என் விருப்பம்; எனினும் முன்பிருந்ததைவிட இது நல்லது.

நான் கேட்பதற்கு எழக்கூடிய தக்க மறுப்பு ஒன்று உண்டு. ஓட்டுநர்கள் நடப்பில் உள்ள விதிக்கு ஏற்பத்தான் ஓட்டுகிறார்கள். ‘சேஸ்’ இடம் உறுதியான பின் புதிய உத்திகளைச் சோதித்துப் பார்த்த அணியின் புள்ளிகளை, அந்த உத்திக்கே இடமில்லாத பழைய அட்டவணையில் கூட்டுவது நேர்மையா? இல்லைதான். ஆகவேதான் அந்தக் கணக்கைச் சாம்பியனை மாற்றும் சான்றாக அன்றி, பருவத்தைப் படிக்க உதவும் நிரலாகக் கேட்கிறேன். இப்போது அந்தக் கணக்கை ஆளாளுக்குப் போடுகிறார்கள். பந்தயத்தின் இடைக்கட்டங்களுக்கென 2017-இல் வந்த ஸ்டேஜ் புள்ளிகளைச் சேர்ப்பதா விடுவதா, ஊக்கப் புள்ளிகளை என்ன செய்வது, தண்டனையில் கழித்ததைக் கழித்தே காட்டுவதா என்று ஒவ்வொருவரும் ஒரு முடிவு எடுப்பதால் ஒரே பருவத்துக்கு மூன்று விடைகள் உலவுகின்றன. மூலக் கணக்கேடுகள் உங்களிடம் இருக்கின்றன. சார்லட்டில் உங்கள் புகழ்க்கூடமும் இருக்கிறது.

கிரிக்கெட் இதைச் செய்துகாட்டியிருக்கிறது. 2019 உலகக் கோப்பை இறுதியில் ஆட்டமும் சமன், சூப்பர் ஓவரும் சமன். 26-க்கு 17 என்ற பவுண்டரிக் கணக்கில் இங்கிலாந்து வென்றது. அந்த விதியைப் பிறகு ஐசிசி நீக்கிவிட்டது. ஆனால் எந்த ஆட்ட ஏட்டைத் திறந்தாலும் ஆட்டம் சமன் என்றும், பவுண்டரிக் கணக்கில் வெற்றி என்றும் இரண்டும் எழுதியிருக்கும். நியூசிலாந்துக்காரர்களின் மனக்குறை அதனால் தீரவில்லை. ஆனால் என்ன நடந்தது என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

எனவே 1949 முதல் ஒவ்வொரு பருவப் பக்கத்தின் தலைப்பிலும் புள்ளி விதி, பருவம் தொடங்கிய முடிந்த தேதிகள், தகுதி விதி ஆகியவை சில வரிகளில் இருக்கட்டும். கழிக்கப்பட்ட புள்ளிகள் ஓட்டுநரின் பெயருக்கு நேரே, காரணத்தோடு இருக்கட்டும். 2004 முதல் வந்த பருவங்களுக்கு, இடையில் அழிக்காத முழுப் பருவ மொத்தம் உங்கள் முத்திரையோடு தனி நிரலாக இருக்கட்டும். 2026-க்கு அந்த நிரலை வாரந்தோறும் இப்போதிருந்தே வெளியிடலாம். இன்னொன்றையும் துணிந்து கேட்கிறேன்: இந்தப் புதிய முறையைக் குறைந்தது பத்துப் பருவங்களுக்குத் தொடாதீர்கள். லாட்ஃபோர்டின் அட்டவணைக்குக் கிடைத்த மதிப்பில் பெரும்பகுதி அதன் நுட்பத்தால் வந்ததல்ல, அது மாறாமல் இருந்ததால் வந்தது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது என்பதை அறிவேன். 1950-இலிருந்து தொடங்குங்கள்: ரெக்ஸ்ஃபோர்டின் பெயர் மேலே அப்படியே இருக்க, லீ பெட்டியின் வரியில் 809 என்ற எண்ணும் அதற்கான காரணமும் இடம்பெறட்டும். அடுத்து 2013, அடுத்து 2007. என் தமிழ்த் தொகுப்பில் ஒவ்வொரு பருவத்துக்கும் இந்த நிரல்களை வைத்திருக்கிறேன். இப்போதைக்கு அவற்றில் இருப்பவை நானே கூட்டிய எண்கள். நீங்கள் வெளியிடும் எண் என் கணக்கிலிருந்து வேறுபட்டால், அன்றே என்னுடையதை நீக்கிவிட்டு உங்களுடையதை அச்சிடுவேன்.

இப்படிக்கு,
ஸ்டாக் கார் பந்தய வரலாற்றைத் தமிழில் தொகுத்துவரும் ஒரு வாசகன்